ஜன்னலக்காவின் நூற்றுக்கு நாற்பது

அந்தப் பள்ளியின் அலுவலக அறைக்கு ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உண்டு. கதவு ஆசிரியர்களுக்கு, ஜன்னல் மற்ற எல்லோருக்கும். ஜன்னலுக்கு உட்புறம் இருபத்துமூன்று வருடமாக உட்கார்ந்திருந்த எழுத்தருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்த பெயர் ஜன்னலக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்போதும் மூத்தவர்தான்.

ஜன்னலக்காவின் குரல் மிகவும் தாழ்ந்தது. புதிதாக வருபவர்கள் காதை ஜன்னல் கம்பிக்குள் விடாத குறையாகக் குனிவார்கள். இதற்குக் காரணம் அடக்கம் என்று பள்ளியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான காரணம் அவருடைய கணவர். குடிநீர் ஏற்றும் நிலையத்தில் அவருக்கு நிரந்தர இரவு வேலை. பகலெல்லாம் ஒருவர் தூங்கும் வீட்டில் மற்றவர்களுக்குத் தொண்டை தானாகவே இறங்கிவிடும். அந்த வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது. ஒரே மகன் அழக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

மகனைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் படிவம்.

மத்திய அரசின் விதி கேட்பதற்கு எளிமையானது. ஒரு பள்ளியில் நூற்றுக்கு நாற்பது பிள்ளைகளாவது குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வந்தால், அங்கே ஒரு வாசிப்பு அறையும் அதற்கொரு ஆசிரியையும் மத்திய அரசின் செலவில் கிடைக்கும். முப்பத்தொன்பது என்றால் அது வசதியான பள்ளி. அதன் பிள்ளைகள் தாமாகவே படித்துக்கொள்வார்கள் என்று எங்கோ ஒரு மேஜையில் முடிவாகியிருந்தது. மேஜை இருந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர மூன்று வாரம் ஆகும். அதற்குப் பதில் எழுத எப்போதும் மூன்று நாள்தான் அவகாசம்.

பள்ளியில் முந்நூறு பிள்ளைகள். ஆக, நூற்றிருபது குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் வசதியற்றவர்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வசதியற்ற குடும்பங்களுக்கு அந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. ஒப்புக்கொள்பவர்களுக்குத்தான் பஞ்சம். நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிற மனிதரிடம், படிவத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'குறைந்த வருமானக் குடும்பத்தின் உறுதிமொழி' என்று நீட்டினால், அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போய்விடுவார். வீடு ஒருபோதும் பதில் சொல்லாது.

இதற்கு ஜன்னலக்கா கண்டுபிடித்த வழி, பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பிடிப்பான் வைத்த அட்டையில் படிவத்தைச் சற்று மேலே தள்ளிச் செருகுவார். தலைப்பு பிடிப்பானுக்கு அடியில் போய்விடும். வருமான வரம்புகளை வரிசையாகத் தட்டச்சு செய்த ஒரு தாளைப் பக்கத்தில் வைப்பார். பெற்றோர் தங்கள் வரிசையின் மேல் விரலை வைத்தால் போதும், ஒரு சொல்லும் பேச வேண்டாம். ஜன்னலக்கா அந்த எண்ணைத் தம் கையாலேயே நிரப்புவார். கீழே அவர்கள் கையெழுத்து. "அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து" என்பதற்கு மேல் அவர் எதையும் விளக்கியதில்லை. ஏழை என்ற சொல்லோ உதவி என்ற சொல்லோ அந்த ஜன்னல் வழியாகப் போனதே இல்லை. பின்னால் நிற்பவருக்கு, முன்னால் நிற்பவர் பிள்ளையின் பிறந்த தேதியைச் சரிபார்க்கிறார் என்றுதான் தோன்றும். வருடாவருடம் நூற்று முப்பதுக்குக் குறையாமல் சேர்ந்தது. ஒன்றுகூடப் பொய் இல்லை.

வாசிப்பு அறை என்பது பழைய பந்து வைக்கும் அறை. பன்னிரண்டு சின்ன நாற்காலிகள், ஒரு வட்ட மேஜை, ஒரு ஆசிரியை. எழுத்துகள் கண்முன்னே இடம் மாறிக் குதிக்கிற பிள்ளைகளை அந்த அம்மாள் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, வருடக் கணக்கில் பொறுமையாக, எழுத்துகளைப் பிடித்து நிறுத்தினார். அந்த அறைக்கான முதல் விண்ணப்பத்தை எழுதியது ஜன்னலக்காதான். சுற்றறிக்கை அப்போதைய தலைமையாசிரியரின் கடிதத் தட்டில், டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

ஒரு எழுத்தர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய மகன் அதே பள்ளியில் படித்தவன். படித்தவன் என்பது பள்ளியின் பதிவேட்டில் இருக்கும் சொல். மூன்றாம் வகுப்பிலேயே அவனுக்குப் படிக்க வரவில்லை என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் ஜன்னலக்காவின் மகன். மாதாமாதம் சம்பளப் பட்டியலைத் தயார் செய்கிற பெண்ணிடம் போய் உங்கள் பிள்ளைக்கு எழுத்து புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிட்டார்கள். அவனும் கெட்டிக்காரன். பாடத்தைக் காதால் கேட்டு அப்படியே ஒப்பிப்பான். பதினெட்டு வயதில் ஓட்டுநர் உரிமத்துக்கான தாளை அம்மாவிடம் நீட்டி, "நீயே எழுதிடும்மா" என்று இரண்டாம் தடவை சொன்னபோதுதான் ஜன்னலக்காவுக்கு உறைத்தது. வாசிப்பு அறை திறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. பார்சல் வண்டி ஓட்டுகிறான். தபாலில் ஏதாவது வந்தால் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவான். அவர் பாத்திரம் துலக்குவதற்கு நடுவே, தமக்காகப் படித்துக்கொள்வதுபோல் வாய்விட்டுப் படிப்பார். இருவரும் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

அந்த வருடம் மத்திய அரசு படிவங்களைத் தொலைபேசியில் சரிபார்க்கத் தொடங்கியது. இருபது பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பதினான்கு பேர் அப்படி எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லை என்றார்கள்.

அதில் ஒருவர் எலக்ட்ரீஷியன். அழைப்பு வந்தபோது அவர் ஏணி உச்சியில், இரண்டு கையிலும் ஒயரோடு நின்றார். தானாக ஸ்பீக்கரில் எடுத்துக்கொள்ளும் போன் சட்டைப் பையிலிருந்து சத்தமாகப் பேசிற்று. ஏணிக்குக் கீழே வீட்டுக்காரர், கூலியைக் குறைப்பதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டு நின்றார். "நீங்கள் குறைந்த வருமானக் குடும்பம் என்று கையெழுத்திட்டது உண்மையா?" என்று சட்டைப் பை கேட்டது. அந்த ஏணியில் நிற்கிற எவரும் சொல்லக்கூடிய பதிலைத்தான் அவரும் சொன்னார். ராங் நம்பர்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அதோடு ஒரு சரிபார்ப்பு அதிகாரியும் வந்தார். இளைஞர், நல்ல மனிதர். பள்ளியில் கொடுத்த டீயைக்கூட, விதிப்படி கூடாது என்று மறுத்துவிட்டு, சொந்தத் தண்ணீரைக் குடித்தார். நூற்று முப்பத்தொரு படிவங்களும் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டிருப்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஜன்னலக்கா பிடிப்பான் விஷயம் உட்பட எதையும் மறைக்கவில்லை.

"அப்போ என்னத்துல கையெழுத்துப் போட்டோம்னு அவங்களுக்கே தெரியாதா மேடம்?"

"தெரியும் சார். தெரியாத மாதிரி இருக்க விட்டேன்."

அதிகாரி இதை எழுதிக்கொள்ள முயன்று, கணினியில் அதற்கான கட்டம் இல்லாததால் விட்டுவிட்டார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு நாள் அவர் பள்ளியில் உட்காருவார். பெற்றோர் நேரில் வந்து, தங்கள் வருமானத்தைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நூற்றிருபது பேர் சொல்லாவிட்டால் வாசிப்பு அறை இந்தப் பருவத்தோடு மூடப்படும், ஆசிரியை வேறு ஊருக்கு மாற்றப்படுவார். விரலால் காட்டினால் போதாதா என்று ஜன்னலக்கா கேட்டார். போதாது. அவர் சாட்சியாக உள்ளே உட்காரலாமா? அவர் செய்த வேலையைத்தான் விசாரிக்கிறார்கள், எனவே கூடாது. அதிகாரி தனியாகப் பெற்றோருடன் மூடிய அறையில் இருக்கவும் கூடாது. ஆகவே கதவு திறந்திருக்கும்.

ஜன்னலக்கா நூற்று முப்பத்தொரு பேருக்கும் போன் செய்தார். பாதிப் பேர் பார்க்கிறேன் என்றார்கள். மீதிப் பேர் வருகிறேன் என்றார்கள். முதல் வகையில் சிலராவது வருவார்கள் என்று அவருக்கு அனுபவம். எலக்ட்ரீஷியன் எடுக்கவே இல்லை. அவர் வராவிட்டால் அவருடைய தெருவும் வராது. அந்தத் தெருவில் அவர் கைவைக்காத சுவிட்ச் இல்லை. அவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம் முப்பது வீடு தலையாட்டும்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவர் வேலை செய்கிற கட்டடத்துக்கே போனார். பூசாத சுவர்கள், சிமெண்ட் மூட்டைகள். எலக்ட்ரீஷியன் தரையில் குந்தி, சுவரிலிருந்து வெளியே எட்டிப் பார்த்த குழாய் வழியாக ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. வாசிப்பு அறையில் இரண்டாம் வருடம். போன மாதம்தான் முதன்முதலாக ஒரு பக்கத்தை நிறுத்தாமல் படித்திருந்தாள்.

வந்த விஷயத்தை ஜன்னலக்கா சொல்லி முடிக்கும்வரை அவர் ஒயரை விடவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட சொன்னேன். அவங்ககிட்ட சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அது அங்கதான் போகுது."

"ஒண்ணு இல்ல. உங்ககிட்ட விரலை வச்சா அது உங்களோட போச்சு. அங்க வராண்டாவுல அம்பது பேர் நிப்பான். அதுல பத்துப் பேர் எனக்கு வேலை குடுக்கறவன். இவனுக்கு இவ்ளோதான் வருதான்னு தெரிஞ்சா, நாளைக்கு அதுலயும் பாதிதான் குடுப்பான்."

"உங்க பொண்ணுக்காகத்தான் கேக்கறேன்."

"அது எனக்குத் தெரியாதா? உங்களுக்கென்னக்கா. ஜன்னலுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க. எல்லார் வீட்டு விஷயமும் உங்ககிட்ட இருக்கு. உங்க வீட்டு விஷயம் ஒண்ணு யாருக்காவது தெரியுமா?"

அது குத்தலாகச் சொன்னதுதான், பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. ஆனால் ஜன்னலக்கா ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து பதில் சொன்னார். கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாத விஷயத்தை, வருடத்தில் ஒருமுறை பார்க்கிற ஒரு மனிதரிடம், அந்தத் தாழ்ந்த குரலிலேயே சொன்னார். மூன்றாம் வகுப்பு, மரியாதைக்கார ஆசிரியர்கள், உரிமத் தாள், பாத்திரம் துலக்கும் நேரத்துக் கடிதங்கள்.

எலக்ட்ரீஷியன் ஒயரைக் கீழே வைத்தார்.

"பார்சல் வண்டித் தம்பியா? அவரு உங்க பையனா?" கையைச் சட்டையில் துடைத்தார். "ரெண்டு தடவை எங்க பார்சலை எதுத்த வீட்ல குடுத்துட்டுப் போயிட்டாரு. திமிருன்னு நெனச்சேன். கம்பெனிக்கு போன் பண்ணித் திட்டக்கூட திட்டினேன்."

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலக்காவுக்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதையோ திறந்து போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சரிபார்ப்பின் முதல் நாள் மோசமாகத் தொடங்கியது. அதிகாரி தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தார். வராண்டாவில் வரிசை. முதலில் போனவர்கள் மெல்லத்தான் சொன்னார்கள். ஆனால் அதிகாரி ஒவ்வொரு எண்ணையும் தட்டச்சு செய்து, உறுதிப்படுத்துவதற்காக உரக்கத் திரும்பப் படித்தார். அது விதி. அவருடைய குரல் தெளிவானது, நல்ல உச்சரிப்பு. மூன்றாவது எண்ணைக் கேட்டதும் வரிசையிலிருந்து நான்கு பேர் கழன்று, ஏதோ நினைவுக்கு வந்தவர்கள்போல வாசலுக்கு நடந்தார்கள். ஜன்னலக்கா ஜன்னலுக்குள்ளிருந்து அவர்கள் முதுகை எண்ணினார்.

பத்து மணி சுமாருக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். நல்ல சட்டை போட்டிருக்கவில்லை. வேலைக்குப் போகிற சட்டை, பையில் டெஸ்டர். முறை வந்ததும் அதிகாரியின் கேள்விக்குக் காத்திராமல், தெருவில் ஒருவரைக் கூப்பிடுகிற குரலில் பெயரையும் எண்ணையும் சொன்னார். "எழுதுங்க சார். இதுல அஞ்சு பேர் சாப்பிடறோம்."

வரிசையில் பின்னால் நின்றது ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிற பெண். அந்தத் தெருவிலேயே வாய்க்குப் பேர் போனவர்.

"அவ்ளோதானா? ஏணி, டெஸ்டர்னு பெரிய ஆளு மாதிரி சுத்துவீங்களே. என்னுது உங்களைவிட கூட."

"அப்ப அடுத்த ஃபேன் ரிப்பேருக்கு முழுக் கூலி குடுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை பேசத் தொடங்கிற்று. உங்களுக்கு எவ்வளவு, எங்களுக்கு இவ்வளவு, அதெப்படி ஒரே மாதிரி. உள்ளே போகும் முன்பே வெளியே எண்களைச் சொல்லிக்கொண்டார்கள். இவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அவர் பிள்ளைக்குப் புது ஷூ இருக்கிறதே என்று வருடக்கணக்காக ஒருவரையொருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரிசையில்தான் விரலை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஜன்னலக்காவுக்கு மட்டும் அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். எல்லா விரலையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பதினோரு வருடம் அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தார். ஒருவரிடமிருந்து ஒருவரை மறைத்து வைத்ததும் தானேதான் என்று அந்த வராண்டாச் சத்தத்தில் அவருக்குத் தோன்றியது. அதற்காக வருந்துவதா மகிழ்வதா என்று தீர்மானிக்குமுன் யாரோ மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஜன்னலைத் தட்டினார்கள்.

கழன்றுபோன நால்வரில் மூவர் மறுநாள் வந்தார்கள். மொத்தம் நூற்றிருபத்திரண்டு. மத்திய அரசிடமிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, பள்ளி போதிய அளவு வசதியற்றது என்று உறுதியானதால் வாசிப்பு அறை தொடரும் என்றது. மற்றது, பெற்றோரின் படிவங்களைத் தம் கையால் நிரப்பியதற்காக எழுத்தரைக் கண்டித்து, அதன் நகலை அவருடைய கோப்பில் சேர்க்கச் சொன்னது. கோப்புகளைப் பராமரிப்பவர் ஜன்னலக்காதான். தேதி முத்திரை குத்தி, துளையிட்டு, ஒழுங்காகச் சேர்த்தார். வாசிப்பு டீச்சர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, நன்றி சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். உட்காரவில்லை.

எலக்ட்ரீஷியன் ரொம்ப நல்லவராகிவிட்டாராம். தெருவில் வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்து, பார்சலை வாங்கிப் பார்த்து, இது மூன்றாவது மாடி தம்பி, இது எதிர்வீடு தம்பி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். தோளில் கையும் போட்டாராம். நேற்று வண்டியில் கூட வேலை செய்கிறவனும் பக்கத்தில் இருந்தான்.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் அவன் அதைக் கிசுகிசுப்பாகத்தான் கேட்டான். ஜன்னலக்கா நடந்ததைச் சொன்னார். இல்லையென்றால் வாசிப்பு அறையை மூடியிருப்பார்கள் என்றார். அவனை மாதிரி இன்னும் எத்தனையோ பிள்ளைகள் என்றார். அவன் முழுவதையும் கேட்டான். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன்.

"ஊர்ல உள்ளவங்க ரகசியத்தையெல்லாம் பதினோரு வருஷம் காப்பாத்தின. ஒண்ணே ஒண்ணு வெளிய சொல்ல வேண்டி வந்துச்சு. அதுவும் உன்னோடது இல்லம்மா. என்னோடது."

அவரிடம் நியாயங்கள் நிறைய இருந்தன, நூற்றிருபத்திரண்டு நியாயம். ஒன்றையும் எடுக்கவில்லை.

அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. வண்டிக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்தது. ஜன்னலக்கா வழக்கம்போல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, உறையைக் கிழித்து, தாளை விரித்து, முதல் வரியின் கீழே விரலை வைத்தான்.

உதடுகள் அசைந்தன. ஒரு சொல், நிறுத்தம். அடுத்த சொல், திரும்ப முதல் சொல். ஒரு பத்திக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. ஜன்னலக்கா குழாயைத் திறக்காமல் தொட்டியருகே நின்றார். இரண்டாம் பத்தியில் 'தவணை' என்பதை அவன் வேறு ஏதோவாகப் படித்துக்கொண்டு கடந்தான். அவர் வாயைத் திறந்தார். அவன் தலையைத் தூக்காமல் இடக்கையை மட்டும் உயர்த்தினான்.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவன் மூன்றாம் பத்திக்குப் போனான்.